முடிச்சும் எழுத்தும்

நுழையும்முன்

ஒரு பேரரசு வீழ்ந்தது. வென்றவர்களிடம் எழுத்து இருந்தது. தோற்றவர்களிடம் கயிற்று முடிச்சுகளும் நினைவுகளுமே இருந்தன. வென்றவர் எழுதி வைத்ததே அம்மண்ணின் வரலாறு என்று நிலைத்துவிட இருந்த காலத்தில், வென்ற இனத்தைத் தந்தை வழியிலும் தோற்ற இனத்தைத் தாய் வழியிலும் உறவாகக் கொண்ட ஒருவர் எழுதுகோலைக் கையில் எடுத்தார். இன்கா கார்சிலாசோ டி லா வேகா (1539 - 1616) என்னும் அந்த வரலாற்றாசிரியரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

நான்கு திசை நாடு

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அம்மலைகளின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு நகரம் குஸ்கோ. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகரிலிருந்து புறப்பட்ட இன்கா மன்னர்கள், நூறாண்டு கால அளவிலேயே இன்றைய கொலம்பியாவின் தென்கோடி முதல் சிலி நாட்டின் நடுப்பகுதி வரை பரந்த பேரரசை உருவாக்கினர். தம் நாட்டை அவர்கள் தவாந்தின்சுயு என்று அழைத்தனர். ஒன்றாய் இணைந்த நான்கு பகுதிகள் என்பது அச்சொல்லின் பொருள்.

அந்நாட்டில் இரும்பு இல்லை. சக்கர வண்டி இல்லை. ஏறிச் செல்லக் குதிரையும் இல்லை. ஆயினும் மலைகளைக் குடைந்தும் சரிவுகளில் படி அமைத்தும் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்திற்குச் சாலைகள் அமைத்திருந்தனர். ஆற்றுப் பள்ளங்களின் மீது புல்லைத் திரித்துக் கயிறாக்கிப் பாலம் கட்டினர். சாஸ்கி எனப்பட்ட அஞ்சல் ஓட்டக்காரர்கள் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருவராக நின்று, செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றி விரைந்து கொண்டு சேர்த்தனர். சாந்து பூசாமலேயே பாறைகளைச் செதுக்கிப் பொருத்திச் சுவர் எழுப்பினர். மலைச்சரிவுகளைப் படிக்கட்டு வயல்களாக்கினர். இன்று உலகமே உண்ணும் உருளைக்கிழங்கு அவர்களின் மலைகளில் விளைந்த பயிர்தான். இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் மாறி மாறி வைத்து அக்கிழங்கை உலர்த்திப் பல ஆண்டுகள் கெடாமல் காக்கவும் அவர்கள் அறிந்திருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கு அரசின் களஞ்சியங்களுக்குச் சென்றது. படைகளும் பணியாளர்களும் பஞ்சத்தில் வாடிய ஊர்களும் அதிலிருந்து உணவு பெற்றனர்.

இத்தனை பெரிய ஆட்சிக்குக் கணக்கு வேண்டும் அல்லவா? அக்கணக்கை அவர்கள் கிப்பு என்னும் கயிற்றுத் தொகுதிகளில் வைத்தனர். ஒரு தலைக்கயிற்றில் பல வண்ணக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் முடிச்சு இடப்பட்ட இடம் ஒன்று, பத்து, நூறு என்ற இட மதிப்பைக் காட்டும். கயிற்றின் நிறம் பொருளைக் குறிக்கவும் பயன்பட்டது. அவற்றைக் காத்துப் படித்துச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்கள் ஊர்தோறும் இருந்தனர். அவர்கள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக் கணக்கைச் சொல்வர். பழைய நிகழ்ச்சிகளை நினைவிலிருந்து எடுத்துரைப்பர். சொல்பவர் இறந்தால் முடிச்சு ஊமையாகிவிடும்.

பேரரசர் வாய்னா கபாக் 1527ஆம் ஆண்டை ஒட்டி இறந்தபின் அவருடைய மக்களான வாஸ்கர், அதாவால்பா ஆகிய இருவரிடையே அரியணைப் போர் மூண்டது. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களும் அவர்களுக்கு முன்னரே மலை ஏறி வந்திருந்தன எனக் கருதப்படுகிறது. போரில் அதாவால்பா வென்ற வேளையில்தான் பிரான்சிஸ்கோ பிசாரோ என்னும் ஸ்பானியத் தளபதி 168 வீரர்களுடன் கஜமார்கா நகரை அடைந்தார். 1532 நவம்பர் 16ஆம் நாள், அந்நகரச் சதுக்கத்திற்குப் படைக்கலன் இன்றி வந்த பரிவாரத்தின் நடுவே அதாவால்பா சிறைபிடிக்கப்பட்டார். விடுதலைக்காக அவர் ஓர் அறை நிறையப் பொன்னையும் அதனினும் மிகுந்த வெள்ளியையும் தர இசைந்தார். பொன் வந்தது, உருக்கிப் பங்கிடப்பட்டது. விடுதலை மட்டும் வரவில்லை. 1533ஆம் ஆண்டில் அவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் குஸ்கோ ஸ்பானியர் வசமாயிற்று.

இரு வீட்டுப் பிள்ளை

அந்தக் குஸ்கோவில் 1539 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை செபாஸ்டியன் கார்சிலாசோ டி லா வேகா, ஸ்பெயினின் எஸ்ட்ரெமதுரா பகுதியிலிருந்து வந்த படைத்தலைவர். தாய் சிம்பு ஒக்லோ, வாய்னா கபாக்கின் உடன்பிறந்தார் மகள். குஸ்கோவில் இருந்த அரச குடும்பத்தினரை அதாவால்பாவின் படையினர் கொன்று குவித்தபோது, சிறு பிள்ளைகளாக இருந்ததால் உயிர் தப்பியவர்களுள் அவரும் அவருடைய தம்பியும் அடங்குவர். பிறந்த குழந்தைக்கு கோமெஸ் சுவாரஸ் டி பிகேரோவா என்று தந்தை வழி முன்னோர் பெயர் இடப்பட்டது. கார்சிலாசோ என்பது அவரே பின்னாளில் எடுத்துக்கொண்ட பெயர். இப்பாடத்தில் அப்பெயரே தொடக்கம் முதல் வழங்கப்படுகிறது.

தாய்ப்பாலோடு அவர் பெற்றது கெச்சுவா மொழி. ஸ்பானிய மொழி தந்தை வீட்டு முன்கூடத்தில் கற்றது. தந்தையின் வீட்டில் குதிரை, வாள், விருந்து, அரசியல் பேச்சு. தாயின் உறவினர் கூடுமிடத்தில் பழங்கதையும் கண்ணீரும். வாரந்தோறும் உயிர் பிழைத்த இன்கா முதியோர் சிலர் தாயைக் காண வருவர். முதலில் தம் மன்னர்களின் பெருமையைப் பேசுவர்; ஆட்சியும் போரும் சட்டமும் பேச்சில் வரும். பிறகு, ஆண்டவர்களாக இருந்த தாங்கள் அடியவர்களாகிவிட்ட நிலைக்கு வந்து, அழுகையில் முடிப்பர். சிறுவர் கார்சிலாசோ அவர்களிடையே உள்ளே வருவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தார்.

பதினாறு, பதினேழு வயதில் அவர் ஒரு நாள் தாய்வழிப் பெரியவர் ஒருவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஸ்பானியரிடமும் அவர்களின் அண்டை நாட்டாரிடமும் நூல்கள் இருப்பதால் தம் மன்னர்கள் யார், எப்போது ஆண்டனர் என்பதை அவர்கள் அறிவர். நூல் இல்லாத இன்காக்கள் தம் தொடக்கத்தைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. பெரியவர் மகிழ்ந்தார். கேட்பதை நெஞ்சில் வைத்துக் காக்குமாறு சொல்லிவிட்டு, டிடிகாகா ஏரியிலிருந்து சூரியன் அனுப்பிய மாங்கோ கபாக், மாமா ஒக்லோ என்னும் இருவரின் கதையை உரைத்தார். அவர்கள் கையில் ஒரு பொற்கோல் இருந்தது. அது எந்த நிலத்தில் ஒரே ஊன்றலில் புதைகிறதோ அங்கே நகர் அமைக்க வேண்டும் என்பது கட்டளை. அது புதைந்த இடமே குஸ்கோ. இக்கதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கடல் கடந்த ஒரு நகரில் அச்சேறும் என்று கூறியவரும் அறியார், கேட்டவரும் அறியார்.

கிப்புவைப் படிக்கவும் அவர் பழகினார். தந்தையின் நிலங்களில் உழைத்த குடிகள் வரி செலுத்த நகருக்கு வரும்போது, ஸ்பானியர் எழுதி வைத்த கணக்கில் அவர்களுக்கு நம்பிக்கை இருப்பதில்லை. எனவே சிறுவரை அழைத்துத் தம் முடிச்சுகளையும் அந்தத் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வர். இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவரே. பின்னாளில் அவர் செய்த பெரும்பணிக்கு இச்சிறு பணியே முன்னோட்டம் எனலாம்.

இளமைக் குறும்புக்கும் குறைவில்லை. 1550ஆம் ஆண்டளவில் குஸ்கோவுக்கு முதன்முதலாக மூன்று ஏர் மாடுகள் கொண்டுவரப்பட்டன. நகரமே அவற்றைக் காணத் திரண்டது. ஸ்பானியர் சோம்பேறிகளாதலால் தாம் செய்யவேண்டிய வேலையை இப்பெரிய விலங்குகளின் மேல் சுமத்துகின்றனர் என்று உள்ளூர் மக்கள் பேசிக்கொண்டனர். பள்ளிக்குச் செல்லாமல் உழவைப் பார்த்து நின்ற சிறுவருக்கு இரண்டு டஜன் அடிகள் கிடைத்தன. பள்ளிக்குப் போகாததற்குத் தந்தை அடித்தார். தந்தை அடித்தது போதாது என்று ஆசிரியர் அடித்தார்.

உள்நாட்டுப் போர்களும் அவ்விளமையைத் தொட்டன. வென்ற ஸ்பானியர் தமக்குள் பிரிந்து போரிட்டனர். பிசாரோவின் தம்பி கொன்சாலோ பிசாரோ அரசப் பதிலாளியை எதிர்த்துக் கலகம் செய்தபோது, தந்தை அரசர் பக்கம் சேர்ந்து லிமாவுக்குத் தப்பிச் சென்றார். கலகக்காரர்கள் அவர் வீட்டைப் பீரங்கியால் தாக்கினர். உணவின்றி அடைபட்டுக் கிடந்த குடும்பத்தைக் காத்தவர்களுள், மறைவாகச் சோளம் கொண்டுவந்து தந்த தாய்வழி உறவினர்களும் இருந்தனர்.

தந்தை முறைப்படி மணந்தது ஓர் ஸ்பானியப் பெண்ணை. உயர்குடி ஸ்பானியர் ஸ்பானியப் பெண்களையே மணக்கவேண்டும் என்ற நெருக்கடி அன்று இருந்தது. இன்கா இளவரசியான சிம்பு ஒக்லோ, எளிய ஸ்பானியர் ஒருவருக்கு மனைவியாக்கப்பட்டார். இந்நிகழ்ச்சியைப் பற்றித் தம் நூல்களில் கார்சிலாசோ அனேகமாக எதுவும் கூறவில்லை. எல்லாவற்றையும் விரித்துரைக்கும் அவர் இங்கே காக்கும் மௌனம் கவனிக்கத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

எழுத்தறியாத மக்கள் எழுத்தை முதன்முதலில் எதிர்கொண்டதைக் காட்ட கார்சிலாசோ ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். தோட்டத்தில் விளைந்த பத்து முலாம்பழங்களை இரண்டு பணியாளர்கள் லிமாவில் இருந்த உரிமையாளருக்குச் சுமந்து சென்றனர். கூடவே ஒரு கடிதமும் இருந்தது. வழியில் ஒரு பழத்தை உண்ண விரும்பிய அவர்கள், கடிதம் பார்த்துவிட்டால் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சி, அதை ஒரு சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு உண்டனர். சுமைகள் ஏற்றத்தாழ்வாகத் தெரியவே, மற்றொரு சுமையிலிருந்தும் அவ்வாறே ஒன்றை எடுத்து உண்டனர். எட்டுப் பழங்களைப் பெற்ற உரிமையாளர், பத்து அனுப்பப்பட்டதைக் கடிதத்திலிருந்து படித்துக் காட்டியதும் திகைத்து நின்றனர். இது நகைப்புக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. எழுத்து யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையை வரையறுப்பவராகிவிடுகிறார் என்ற நிலையும் இதில் தெரிகிறது.

பிரிவு

1558ஆம் ஆண்டில், மலைக்காட்டு வில்கபம்பாவிலிருந்து ஆண்டுவந்த இன்கா இளவரசர் சைரி துபாக், ஸ்பானியருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி குஸ்கோவுக்கு வந்தார். இளைஞர் கார்சிலாசோ சென்று அவர் கையை முத்தமிட்டு வணங்கினார். இரண்டு சிறு வெள்ளிக் கிண்ணங்களில் சோளக் கள் கொண்டுவரப்பட்டது. ஒன்றை இளவரசர் பருகினார். மற்றொன்றை இவருக்கு அளித்தார். உறவை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

அடுத்த ஆண்டு தந்தை இறந்தார். மகன் ஸ்பெயினுக்குச் சென்று கல்வி பெறுவதற்காக 4,000 பெசோக்களை அவர் விட்டுச் சென்றார். புறப்படும் முன் விடைபெறச் சென்ற இடத்தில், போலோ டி ஒண்டெகார்டோ என்னும் அலுவலர் இவரை ஓர் அறைக்குள் அனுப்பி, இன்கா அரசமரபினரின் பதப்படுத்தப்பட்ட உடல்களைக் காணச் செய்தார். மூன்று மன்னர்கள், இரண்டு அரசியர். முடியும் புருவமும் இமைமயிரும் குறையாமல், அமர்ந்த நிலையில், கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, பார்வை நிலத்தில் பதிந்திருக்க அவர்கள் இருந்தனர். இளைஞர் வாய்னா கபாக்கின் ஒரு விரலைத் தொட்டுப் பார்த்தார். அது மரச்சிலையின் விரல் போல் இறுகி இருந்தது. பிறகு அவ்வுடல்கள் வெண்துணி போர்த்தித் தெருக்களின் வழியே தூக்கிச் செல்லப்பட்டபோது இன்கா மக்கள் மண்டியிட்டு அழுதனர். ஸ்பானியர் பலரும், செல்பவர் மன்னர் என்பதால் தொப்பியைக் கழற்றினர். உடல்கள் லிமாவுக்கு அனுப்பப்பட்டன. மீண்டும் குஸ்கோவுக்கு வரவில்லை.

1560 ஜனவரி 20ஆம் நாள் கார்சிலாசோ குஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபது. அந்நகரையும் தாயையும் அதன்பின் அவர் காணவே இல்லை.

ஒரு குதிரையால் இழந்தது

பனாமா, கார்த்தகேனா, லிஸ்பன், செவில் என்று நீண்ட கடற்பயணத்தின் முடிவில் அவர் ஸ்பெயினை அடைந்தார். மொந்தியா என்னும் ஊரில் தந்தையின் உடன்பிறந்தாரான அலோன்சோ டி வர்காஸ் அவரை அன்புடன் ஏற்றார். அங்கிருந்து அவர் மாட்ரிட் சென்று, தந்தை அரசருக்குச் செய்த பணிகளுக்கும் தாய் இழந்த உரிமைகளுக்கும் ஈடாக மானியம் வேண்டி அரசவையில் விண்ணப்பித்தார்.

விண்ணப்பம் ஏற்கப்படும் நிலையில் இருந்தபோது, அவை உறுப்பினரான லோப்பே கார்சியா டி காஸ்ட்ரோ ஒரு தடையை எழுப்பினார். 1547இல் நடந்த ஊவாரினா போரில் கலகத் தலைவர் கொன்சாலோ பிசாரோ குதிரையை இழந்து வீழும் நேரத்தில், இவருடைய தந்தை தம் குதிரை சாலினியாஸை அளித்து அவரைக் காப்பாற்றினார் என்பது குற்றச்சாட்டு. அரசருக்கு எதிரானவரைக் காத்தவரின் மகனுக்கு மானியம் எதற்கு? குதிரை கொடுக்கப்பட்டது போர் முடிந்த பிறகுதான் என்று இளைஞர் மறுத்தார். வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கும்போது அதை மறுக்க இயலுமா என்று கேட்டு அவையினர் வாயை அடைத்தனர். விண்ணப்பம் தள்ளப்பட்டது.

அச்சான நூலில் இடம்பெற்ற ஒரு சிறு செய்தி ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிட்டது. தந்தையைப் பற்றி எழுதப்பட்டதை மகன் வாய்மொழியால் அழிக்க முடியவில்லை. ஒரு பேரரசைப் பற்றி எழுதப்பட்டிருப்பவற்றை யார் அழிப்பர்? எழுதப்பட்டதை எதிர்க்க எழுத்தே வேண்டும் என்ற தெளிவு இந்த இழப்பிலிருந்தே அவருக்குப் பிறந்திருக்க வேண்டும். 1563ஆம் ஆண்டில் அவர் ஊர் திரும்ப அனுமதி பெற்றார்; ஆனால் கப்பல் ஏறவில்லை. அவ்வாண்டிலேயே ஞானஸ்நானப் பெயரை விடுத்து, பழிக்கப்பட்ட தந்தையின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். பின்னர் அதன் முன் இன்கா என்னும் தாய்க்குலப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த சில ஆண்டுகள் படைப்பணியில் கழிந்தன. தெற்கு ஸ்பெயினின் மலைகளில் கிளர்ந்தெழுந்த மோரிஸ்கோக்களை அடக்கும் போரில் 1570இல் அவர் பங்கேற்றுக் கேப்டன் தகுதி பெற்றார். மோரிஸ்கோக்கள் என்போர் வற்புறுத்தலால் கிறித்தவராக்கப்பட்ட இசுலாமிய மரபினர். தம் மொழியும் உடையும் தடைசெய்யப்பட்டதை எதிர்த்தே எழுந்தனர். தோற்ற இனத்தின் மகன் ஒருவர், தோற்ற மற்றோர் இனத்தின் மேல் வாள் எடுத்ததை இன்றைய வாசகர் நெருடலின்றிப் படிக்க இயலாது.

அந்நாட்களில் குஸ்கோவிலிருந்து வந்த செய்திகளும் துயரமானவையே. 1571இல் தாய் மறைந்தார். 1572இல் வில்கபம்பாவின் கடைசி இன்காவான துபாக் அமாரு பிடிக்கப்பட்டு, அரசப் பதிலாளி தொலேதோவின் ஆணைப்படி குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டார். அரச மரபினர் பலர் நாடு கடத்தப்பட்டனர். திரும்பிச் செல்ல இனி ஒரு குஸ்கோ இல்லை.

ஐம்பது வயதில் ஓர் எழுத்தாளர்

அவருடைய முதல் நூல் ஒரு மொழிபெயர்ப்பு. லியோன் எப்ரேயோ என்னும் யூதத் தத்துவ அறிஞர் இத்தாலிய மொழியில் எழுதிய அன்பு பற்றிய உரையாடல்களை அவர் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். 1590இல் மாட்ரிட் நகரில் அது வெளியானது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மூல ஆசிரியரோ 1492இல் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்ட இனத்தவர். மொழிபெயர்த்தவர் ஓர் இந்தியன் என்று நூலின் தலைப்பிலேயே அச்சிடச் செய்தார் கார்சிலாசோ. அமெரிக்கப் பழங்குடியினரை அன்று ஐரோப்பியர் அழைத்த, தாழ்வாகக் கருதிய பெயர் அது. அதையே தலைப்பில் ஏற்றி, கெச்சுவா பேசி வளர்ந்தவர் இத்தாலிய மொழியின் நுட்பமான தத்துவ நூலைப் பெயர்க்க வல்லவர் என்று காட்டினார். இந்நூல் பின்னர் சமய விசாரணை மன்றத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

அடுத்து அவர் எழுதியது, எர்னாண்டோ டி சோட்டோ என்னும் தளபதி வட அமெரிக்காவின் புளோரிடா பகுதிக்கு மேற்கொண்ட படையெடுப்பின் வரலாறு. சோட்டோ முன்பு கஜமார்காவிலும் இருந்தவர். அப்படையெடுப்பில் சென்று மீண்ட கொன்சாலோ சில்வெஸ்ட்ரே என்னும் முதிய வீரரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல கார்சிலாசோ எழுதினார். கேட்டதை எழுத்தாக்கும் பயிற்சி இதில் அவருக்கு முழுமை பெற்றது. 1605இல் லிஸ்பன் நகரில் அந்நூல் அச்சாயிற்று.

இதற்கிடையே 1591இல் அவர் கோர்டோபா நகரில் குடியேறியிருந்தார். அங்கே மருத்துவமனை ஒன்றின் நிருவாகப் பொறுப்பையும் ஏற்றார். அங்கிருந்தபடியே பெருவில் இருந்த பழைய பள்ளித் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். அவரவர் தாய்வழி உறவினரிடமும் அந்தந்த மாகாணத்துக் கிப்புக் காவலரிடமும் கேட்டுச் செய்திகளை அனுப்புமாறு வேண்டினார். அவர்களும் அனுப்பினர். பிளாஸ் வலேரா என்னும் பாதிரியார் இன்காக்களைப் பற்றி இலத்தீனில் எழுதியிருந்த தாள்களும் அவர் கைக்கு வந்தன. வலேராவும் பெருவில் பிறந்த கலப்பு மரபினரே. 1596இல் ஆங்கிலேயர் காதிஸ் துறைமுகத்தைச் சூறையாடியபோது அத்தாள்களில் பெரும்பகுதி அழிந்திருந்தது. கிழிந்து எஞ்சியவற்றை கார்சிலாசோ தம் நூலில் பெயர் சொல்லிப் பயன்படுத்திக்கொண்டார்.

உரை என்னும் கருவி

1609ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் வெளிவந்த நூலே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. அதற்கு அவர் வரலாறு என்று பெயரிடவில்லை. விளக்கவுரை என்றே பெயரிட்டார். தலைப்பில் உள்ள ரியால் என்னும் ஸ்பானிய அடைமொழிக்கு அரசருக்குரிய என்றும் உண்மையான என்றும் இரு பொருள் உண்டு. ஸ்பானிய வரலாற்றாசிரியர்களை மறுப்பது தம் நோக்கமன்று. அவர்கள் மொழி தெரியாமையால் தவறாகப் புரிந்துகொண்டவற்றுக்கு உரை எழுதுவதே நோக்கம் என்று பணிவுடன் தொடங்குகிறார். பணிவு மேலோட்டமானது. உரை வளர வளர மூலம் சுருங்கிவிடுகிறது.

அவருடைய வலிமை மொழியறிவு. கெச்சுவா மொழியில் உவாக்கா என்று ஒரு சொல் உண்டு. அண்ணத்தின் மேற்பகுதியில் ஒலித்தால் தெய்வத்தன்மை உடையது, வழிபாட்டுக்குரியது என்று பொருள். தொண்டையின் அடியிலிருந்து ஒலித்தால் அழுதல் என்று பொருள். இவ்வேறுபாட்டைக் கேட்டறியாத ஸ்பானியர் இரண்டையும் ஒன்றாக எழுதினர். தெய்வத்தன்மை என்னும் பொருளிலும் அச்சொல் கோயிலையும் குறிக்கும். மலையின் பெரும் ஏற்றத்தையும் குறிக்கும். இரட்டைக் குழந்தைகளையும் குறிக்கும். வியப்பூட்டும் எதையும் குறிக்கும் சொல்லைக் கடவுள் என்றே பெயர்த்துவிட்டு, இம்மக்கள் கல்லையும் மலையையும் கடவுளாகக் கொண்டனர் என்று எழுதினால் அது யாருடைய பிழை என்று அவர் கேட்கிறார். பெரு என்னும் நாட்டுப் பெயரே இத்தகைய பிழையில் பிறந்தது என்பது அவர் தரும் செய்தி. ஆற்றங்கரையில் பிடிபட்ட ஒருவன் அச்சத்தில் தன் பெயரையும் ஆற்றின் பெயரையும் உளற, கேட்டவர்கள் அதையே நாட்டின் பெயராக்கிவிட்டனர்.

கஜமார்காவில் நடந்ததையும் அவர் இக்கண்கொண்டே பார்த்தார். அதாவால்பாவுக்கும் வால்வெர்தே என்னும் பாதிரியாருக்கும் இடையே மொழிபெயர்த்தவன் பெலிப்பியோ என்னும் இளைஞன். அவனுக்குக் கெச்சுவாவும் அரைகுறை. படைவீரர்களிடம் கற்ற ஸ்பானியமும் அரைகுறை. மூவொரு கடவுள் என்ற கிறித்தவக் கோட்பாட்டை, மூன்றும் ஒன்றும் சேர்ந்து நான்கு என்று முடிச்சுக் கணக்குப் போலக் கூட்டிச் சொன்னான் என்று கார்சிலாசோ எழுதுகிறார். ஒரு பேரரசின் முடிவு நிகழ்ந்த நேரத்தில் இரு தரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வழியே இல்லாமல் நின்றன என்பது அவருடைய முடிவு. துப்பாக்கியையும் குதிரையையும் பற்றி மற்றவர் எழுதிய இடத்தில் அவர் மொழிபெயர்ப்பாளனைப் பற்றி எழுதினார்.

இந்நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. இன்கா மன்னர்கள் அனைவரும் போரை வெறுத்த அருளாளர்களாகவே வருகின்றனர். இன்காக்களிடம் நரபலி இல்லை என்று அவர் உறுதியாக மறுக்கிறார். மலையுச்சிகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சிறுவர் உடல்கள் அம்மறுப்பைப் பொய்யாக்குகின்றன. குஸ்கோவுக்கு முன் ஆண்டிஸ் மலையில் தழைத்த பண்பாடுகளை அவர் நாகரிகமற்றவை என்று தள்ளிவிடுகிறார். அதாவால்பாவை அவர் நடுநிலையோடு எழுதவில்லை. தாயின் சுற்றத்தைக் கொன்றவர் என்ற கசப்பு வரிக்கு வரி தெரிகிறது. வென்றவர்களின் ஒருசார்பை எதிர்த்தவர் தம் குலத்தின் ஒருசார்பிலிருந்து விடுபடவில்லை. எனினும், ஒரு பயிர் எப்படி விதைக்கப்பட்டது, ஓர் ஆண்டுத் திருவிழாவில் யார் எங்கு நின்றனர், சக்சைவாமான் கோட்டையின் எந்தச் சுரங்கத்திற்குள் சிறுவர்கள் நுழைய அஞ்சினர் என்பவற்றை எழுத, அங்கே வளர்ந்த ஒருவரால் மட்டுமே முடியும். அக்கோட்டைக் கற்களைப் பெயர்த்துச் சென்று ஸ்பானியர் வீடு கட்டிக்கொண்டிருந்ததை அவர் நேரில் கண்டவர்.

படையெடுப்பையும் ஸ்பானியரின் உள்நாட்டுப் போர்களையும் கூறும் இரண்டாம் பகுதியைத் தம் நாட்டின் இந்தியர்கள், கலப்பு மரபினர், அங்கே பிறந்த ஸ்பானியர் ஆகிய மூவரையும் உடன்பிறந்தாராக விளித்து எழுதினார். சாலினியாஸ் குதிரையின் செய்தியை அதில் தம் பங்குக்கு விரிவாக எழுதி, தந்தைக்காக வாதாடினார். கலப்பு மரபினன் என்று பொருள்படும் மெஸ்திசோ என்ற சொல் வசையாக வழங்கிய காலத்தில், அதைத் தாம் வாய் நிறையச் சொல்லிக்கொள்வதாகவும் அதில் பெருமை கொள்வதாகவும் அறிவித்தார்.

இரண்டாம் பகுதி அச்சில் இருக்கும்போதே, 1616 ஏப்ரலில் கோர்டோபாவில் அவர் காலமானார். முன்னரே விலைக்கு வாங்கி வைத்திருந்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அச்சிற்றாலயம், பழைய மசூதியைப் பேராலயமாக்கிய கட்டடத்தின் உள்ளே இருக்கிறது. நூல் 1617இல் வெளிவந்தது.

நூலின் பிற்கால வாழ்வு

நூல் பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. 1723இல் மாட்ரிட் நகரில் மறுபதிப்பு வந்தது. அது பெருவிலும் பரவி, இன்கா மரபினரின் வீடுகளில் இடம்பெற்றது. அதைப் படித்தவர்களுள் ஒருவர், கொல்லப்பட்ட துபாக் அமாருவின் வழிவந்த ஒசே கப்ரியேல் கொண்டோர்கான்கி. அவர் இரண்டாம் துபாக் அமாரு என்னும் பெயருடன் 1780இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சியைத் தொடங்கினார். 1781 மே மாதம், முன்னோர் மடிந்த அதே குஸ்கோ சதுக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, கார்சிலாசோவின் நூற்படிகளை மக்களிடமிருந்து கமுக்கமாகத் திரட்டி அகற்றுமாறு ஸ்பானிய அரசர் ஆணை பிறப்பித்தார். ஆசிரியர் இறந்து அப்போது 166 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1978இல் ஸ்பெயின் மன்னர் உவான் கார்லோஸ், கோர்டோபாவில் இருந்த அவருடைய உடலின் எச்சத்தில் ஒரு பகுதியைக் குஸ்கோவுக்குக் கொண்டுவந்து அளித்தார். 1536இல் இன்கா படைகள் நகரை முற்றுகையிட்டபோது ஸ்பானியர் ஒளிந்து உயிர் தப்பிய இடத்தில், அவர்களுடைய வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்ட தேவாலயத்தின் நிலவறையில் அது வைக்கப்பட்டுள்ளது. மற்றொரு பகுதி கோர்டோபாவிலேயே இருக்கிறது.